உம் கொட்டிய டாக்டரம்மா

பியெத்ராசோர்தா நகராட்சி அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை என்னுடையது. பத்தொன்பது வருஷமாகக் கிழிக்கிறேன். பெயர் எர்மீனியா. எங்கள் ஊர்ப் பெயருக்குச் செவிட்டுக் கல் என்று பொருள். வைத்தவன் விவரம் தெரிந்துதான் வைத்திருக்கிறான். இங்கே எல்லோரும் பேசுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, கேட்க மட்டுமே தெரிந்த ஒருத்தி வந்து சேர்ந்தாள். அதனால் வந்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மித்சுயோ தொகாஷி. ஜப்பான்காரி. ஐம்பத்தொன்பது வயது. உயரம் என் தோள் வரை. ஓவிய வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவள், அதுவும் கால்விரலில். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் சிரித்து முடித்துவிட்டேன். பழைய காலத்து ஓவியர்கள் முகத்தையும் கையையும் பார்த்துப் பார்த்துப் போடுவார்களாம். கால்விரலுக்கு வந்து சேரும்போது களைத்துப் போய்க் கை போன போக்கில் போட்டுவிடுவார்களாம். ஆகவே விரலைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்பது அவள் கட்சி. இதைப் பற்றி ஆயிரத்து இருநூறு பக்கத்தில் புத்தகம் எழுதியிருக்கிறாள். ஒரு முகம் கூடக் கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் புனிதர்களின் பாதங்கள். கோடையில் கடற்கரைக்கு அழைத்துப் போனால் கடலைப் பார்க்க மாட்டாள்.

முப்பது வருஷமாக ஐரோப்பாவில் இருக்கிறாள். வியன்னா, பெல்ஜியம், மாட்ரிட் என்று சுற்றியும் எங்கேயும் ஐந்து வருஷம் நிலைத்ததில்லை. மூளையில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் கழுத்தில்தான்.

அவள் ஊரில் ஒருவர் பேசினால் எதிரே இருப்பவர் தலையாட்டி உம் கொட்ட வேண்டும். "ஆமாம், அப்படியா, சரிதான், ஆமாம் ஆமாம்" என்று மூச்சுக்கு ஒரு தரம் போட வேண்டும். போடாவிட்டால் பேசுகிறவர் பதறிப்போவார், எதிராளிக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று. அந்த "ஆமாம்" சம்மதம் இல்லை. "காது இங்கேதான் இருக்கிறது, நீங்கள் பேசுங்கள்" என்று அர்த்தம். அங்கே பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். இங்கே மேயருக்கே தெரியாது.

வியன்னாவில் ஒரு பேராசிரியர் காபி குடித்துக்கொண்டே அரைமணி நேரம் என்னமோ உருகிப் பேசியிருக்கிறார். இவளும் மரியாதையாக உம் கொட்டியிருக்கிறாள். மறுநாள் நகைக்கடைக்காரன் வந்து மோதிர அளவு எடுத்தபோதுதான் தனக்கு நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்ததாம். பதினோரு நாள் நிச்சயதார்த்தம். கலைத்துவிட்டு வெளியே வருவதற்குள் வேலையும் போயிற்று. பெல்ஜியத்தில் வீட்டுக்காரி பேசினாள், இவள் தலையாட்டினாள், விடிந்தால் மூன்றாம் மாடி வாசலில் இரண்டு ஆடு கட்டியிருந்தது. மாட்ரிட்டில் அலுவலகம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டபோது இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியே வந்து புலம்பினார்கள். இரண்டு பேருக்கும் உம் கொட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து துரோகி என்று துரத்திவிட்டார்கள்.

எங்களிடம் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தாள். அது செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. அவளை நிரந்தரக் காப்பாளராக்க நகர்மன்றம் தீர்மானம் போட்டாகிவிட்டது, மேயரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழாவிட்டால் ஜப்பானுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். அங்கே அகிதாவில் அவளுடைய தங்கை வீடு மட்டும்தான் போக்கிடம். அந்தத் தங்கையோடு தொலைபேசியில் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு நிமிஷத்தில் மித்சுயோ சொன்னது முழுக்க "உம்" மட்டும்தான். அங்கே போனால் ஆயுசு முழுக்க அதுதான். தினமும் மதியம் என் பன்றி வறுவல் ரொட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்து, நெத்திலி வைத்த சோற்று உருண்டையில் பாதியை அவளிடம் வாங்கிக்கொள்வேன். இந்த ஊரில் என் பேச்சைக் கடைசி வரை கேட்ட ஒரே ஆள் அவள். அவள் போய்விடக் கூடாது என்று எனக்கு இருந்த பதைப்பு அவளுக்குக்கூட இருந்திருக்காது.

இனி மேயர் கதை. ஒத்தாவியோ ப்ரிஸி, தொழிலால் மருந்துக்கடைக்காரர். அவர் பேச்சு முடியாமல் இருமல் மருந்து கைக்கு வராது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நோய், பக்கத்து ஊர் வால்தோர்பா. அங்கே ஒரு செபஸ்தியார் படம் இருக்கிறது. அம்பு தைத்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்பார். நான்கு வருஷம் முன்பு அது நேரி என்கிற பெரிய ஓவியர் கையால் வரைந்தது என்று யாரோ ஒரு வெளிநாட்டு நிபுணர் சான்று கொடுத்துவிட்டாராம். அன்று முதல் சுற்றுலாப் பேருந்தெல்லாம் அங்கே நிற்கிறது. எங்களிடமும் ஒரு படம் உண்டு. வனத்து அந்தோணியார், பக்கத்தில் பன்றி. ஆனால் கீழே அட்டையில் "நேரியின் பாணியில், யாரோ" என்று போட்டிருக்கும். அந்த "யாரோ"வை நினைத்தால் மேயருக்குச் சாப்பாடு இறங்காது.

செப்டம்பர் பத்தாம் தேதி செயலாளரோடு வந்தார். மித்சுயோவைப் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, அந்தோணியாரை வரைந்தது நேரியேதான் என்பதற்குத் தன்னுடைய சொந்த ஆராய்ச்சியை எடுத்துவிட்டார். தாடி நேரியின் தாடி, பன்றி நேரியின் பன்றி என்று இரண்டு மணி நேரம். மித்சுயோ தலையாட்டிக்கொண்டே இருந்தாள். செயலாளர் ஒரு நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான். கொசு கடிக்கிறதோ, கணக்கு வைக்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: "எங்கள் அந்தோணியார் நேரி வரைந்தவரே! ஜப்பானிய அறிஞர் நாற்பத்தேழு முறை ஆமாம் என்றார்!" பேக்கரிக்காரன் பன்றி வடிவத்தில் பிஸ்கெட் போட்டுவிட்டான். தெருவுக்குத் தெரு துணிப்பதாகை தொங்கியது. இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு விழா, அந்த மேடையிலேயே நியமனத்தில் கையெழுத்து என்று ஏற்பாடு.

பத்திரிகையை அவள் மேஜையில் போட்டேன்.

"என்னம்மா இது? அது நேரி படம்தானா?"

"இல்லவே இல்ல, எர்மீனியா சான்." நான் எத்தனை முறை சொல்லியும் என் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு அந்தச் சான் போடாமல் பேச மாட்டாள், நீங்க என்பதையும் விட மாட்டாள். "நேரி வரைஞ்ச எந்தக் கால்லயும் சுண்டுவிரலுக்கு நகமே இருக்காது. சோம்பேறி. அந்தோணியாருக்குப் பத்து விரல்லயும் நகம் இருக்கு. அழகா வெட்டியிருக்கு."

"அப்புறம் எதுக்கு நாப்பத்தேழு தடவ மண்டைய ஆட்டினே?"

"அவர் பேசிக்கிட்டு இருந்தாரே! நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்!"

"கேக்குறதுக்கு எதுக்குடி தலை? காது போதாதா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவருக்கு அப்படியா தோணிடுச்சு? நான் உடனே போய்ச் சொல்லிட்டு வரேன்."

போனாள். மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் இருந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி இருமல் மிட்டாயும், விழாவில் இருபது நிமிஷம் அவளே பேசப் போவதாக அச்சடித்த அழைப்பிதழும் இருந்தன.

"சொன்னியா?"

"அவர் முதல்ல ஆரம்பிச்சுட்டார்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

இது வார்த்தையால் தீர்கிற விஷயமில்லை, கழுத்தைக் கட்டினால்தான் சரிப்படும் என்று எனக்குத் தோன்றியது. என் புருஷன் ஆலிவ் மரத்திலிருந்து விழுந்தபோது வாங்கிய கழுத்துப்பட்டை பரணில் கிடந்தது. பஞ்சு வைத்த தடிமனான பட்டை. அதை அவளுக்கு மாட்டி இறுக்கினேன். தாடை மேலே ஏறி, பீங்கான் ஜாடி மாதிரி நின்றாள்.

"இப்ப ஆட்டு பாப்போம்."

ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"இதோட போ. அவர் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி 'இல்ல'ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். நானும் கூட வரேன்."

கடையில் மேயர் பட்டையைப் பார்த்ததும் பதறினார்.

"அடக் கடவுளே, டாக்டரம்மா! என்னாச்சு கழுத்துக்கு? ராத்திரி பகல்னு நம்ம அந்தோணியாரயே குனிஞ்சு குனிஞ்சு பாத்து இப்படி ஆயிடுச்சா? இந்த ஊரு உங்கள மறக்காது..."

ஆரம்பித்துவிட்டார். மித்சுயோவின் கழுத்து துடித்தது. பட்டை விடவில்லை. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. கழுத்து மடங்காததால் அவள் இடுப்பை மடக்கிவிட்டாள். மேயர் ஒரு வாக்கியம் முடிக்கும்போதெல்லாம் இடுப்பிலிருந்து அப்படியே முழு உடம்பாகக் குனிந்து நிமிர்ந்தாள். தலையை மட்டும் ஆட்டியிருந்தால் வெறும் ஆமாம். இது சாஷ்டாங்கத்துக்கு ஒரு படி குறைவு. கடையில் இருமல் மருந்துக்கு நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மேயரின் கண் கலங்கிவிட்டது.

"என்ன பணிவு பாருங்க! இத்தன பெரிய படிப்பு படிச்சுட்டு!" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார். "விழாவுக்கு வால்தோர்பா மேயரையும் கூப்பிட்டிருக்கேன். முன் வரிசையில உக்காந்து வயிறு எரியட்டும்!"

அவளைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் இருவரும் படத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பேசாம ஆமாம்னே இருந்துட்டுப் போயேன். யார் குடி கெடப் போகுது? மேயர் கையெழுத்து போட்டுருவாரு. நீ இங்கயே இருப்ப. நேரி செத்து ஐநூறு வருஷமாச்சு, வந்து கேக்கவா போறான்?"

அவள் சோற்று உருண்டையைக் கீழே வைத்தாள்.

"இந்த நகத்த ஒவ்வொண்ணா வெட்டி வரைஞ்ச ஆளு ஒருத்தர் இருந்திருக்கார், எர்மீனியா சான். அவர் பேரு நமக்குத் தெரியாது. அவரோடதா மிச்சம் இருக்கிறது இந்தப் பத்து விரல் மட்டும்தான். அதையும் பிடுங்கி அந்தச் சோம்பேறிக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

"அப்ப நீ போயிடுவியே," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அது கேட்டதற்கா சம்மதத்துக்கா என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்பது பேர் கொள்ளும் கூடத்தில் இருநூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தோணியாரை மருந்துக்கடை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். முன் வரிசையில் வால்தோர்பா மேயர் ரொமோலோ ஸ்காத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், பளபளக்கும் காலணி, இளக்காரச் சிரிப்பு. எங்கள் மேயர் முக்கால் மணி நேரம் பேசினார். மேடையில் மித்சுயோ பட்டை இல்லாமல் நின்று தன் பாட்டுக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் கூட்டம் கை தட்டியது. எனக்கு ஒவ்வொரு தட்டலும் முகத்தில் விழுந்தது.

பிறகு ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். நான் இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவள் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஜன்னலைத் திறந்தாள்.

"இது நேரி இல்ல," என்றாள் மித்சுயோ.

எங்கள் மேயர் வாய் திறந்தபடியே நின்றார்.

"இத வரைஞ்சது யார்னு எனக்குத் தெரியாது. நேரிய விட நல்ல ஆளு. சுண்டுவிரல் நகத்தக்கூட விடல. மன்னிச்சுக்கோங்க. நான் தலையாட்டினது கேக்குறேன்னு சொல்லத்தான். ஒத்துக்குறேன்னு சொல்ல இல்ல."

ரொமோலோ ஸ்காத்தி சிரித்தார். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார். "நாப்பத்தேழு ஆமாம்! ஐயோ, நாப்பத்தேழு! பன்னி பிஸ்கெட்டு!" எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் மேயர் சட்டைப்பையிலிருந்து நியமனக் காகிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரொமோலோ ஐயா," என்று மித்சுயோவின் குரல் கேட்டது. "உங்க செபஸ்தியாரும் நேரி இல்ல."

கண்ணைத் திறந்தேன். சிரிப்பு நின்றிருந்தது.

"என்னது?" என்றார் ஸ்காத்தி.

"அவருக்கும் சுண்டுவிரல்ல நகம் இருக்கு."

"என்னம்மா உளர்றீங்க? சான்றிதழே உங்க பேர்லதானே இருக்கு! மாட்ரிட்லேருந்து ஒருநாள் வந்தீங்களே! கண்ணாடிக்குள்ள மாட்டியே வெச்சிருக்கோம், 'டாக்டர் தொகாஷி முழுமனதோடு ஏற்றுக்கொண்டார்'னு!"

கூடம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. நானும்தான். எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் செத்தாலும் வால்தோர்பாவில் டிக்கெட் வாங்கி உள்ளே போக மாட்டோம்.

"நீங்க மூணு மணி நேரம் பேசினீங்க," என்றாள் மித்சுயோ, ரொம்பப் பணிவாக. "நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க என்னைக் கேக்கவே இல்லையே. அப்புறம் தெரிஞ்சு மூணு கடிதம் எழுதினேன்."

"கடிதமா? வானிலையப் பத்தில்ல எழுதியிருந்தீங்க!"

"மூணாவது பக்கத்துல இருந்துச்சு. மழைக்கும் இலையுதிர்காலத்துக்கும் நடுவுல."

ஆரவாரத்தில் கூரை பறந்தது. கசாப்புக்காரன் பேக்கரிக்காரனைத் தூக்கிச் சுற்றினான். பாதிரியார் நாற்காலி மேல் ஏறிவிட்டார். எங்களுக்கு நேரி கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. எங்களிடம் இல்லை, சரி. அவனிடமும் இல்லையே! ஸ்காத்தி எழுந்து பளபளக்கும் காலணியோடு வெளியே போனதை இருநூறு பேரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். எங்கள் மேயர் ப்ரிஸி பத்து வயது குறைந்துவிட்டார். காகிதத்தைக் கசாப்புக்காரன் முதுகில் வைத்து ஒரே இழுப்பில் கையெழுத்து போட்டார்.

அப்புறம், வேறென்ன, பேசவும் ஆரம்பித்துவிட்டார். "டாக்டரம்மா இனிமே நம்ம ஊரு! சாகுற வரைக்கும் இங்கதான்! மூணு பள்ளிக்கூடத்துக்கும் பாடம் எடுப்பாங்க! அந்தோணியார் ஊர்வலத்துல முன்னாடி கொடி பிடிப்பாங்க! வருஷா வருஷம் வால்தோர்பாவுக்குப் போயி அந்த விரலக் காட்டிட்டு வருவாங்க!"

மித்சுயோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், அப்படியா, சரிதான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. ஆட்களை இடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

"ஒத்தாவியோ! வாய மூடு! சொல்லாத, அவளக் கேளு! முப்பது வருஷமா ஆளாளுக்கு அவகிட்ட சொல்லிட்டுப் போறீங்க, ஒருத்தனாவது கேட்டீங்களா?"

மேயர் திகைத்தார். அறுபத்து மூன்று வருஷத்தில் அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை, மருந்துச் சீட்டு எங்கே என்பதைத் தவிர. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

"டாக்டரம்மா... நீங்க... எங்ககூட இங்கயே இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு, அதிசயத்திலும் அதிசயம், நிறுத்திக்கொண்டார். கூட்டமும் வாயை மூடிக்கொண்டது. மித்சுயோ அப்படியே நின்றாள். தலை ஆடவில்லை, இடுப்பு மடங்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்தாள். பதில் வேறு மாதிரி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"இருக்கேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "ஆனா கொடி பிடிக்க மாட்டேன்."